வெள்ளைச் சர்க்கரை போடாத ஜாமுக்குத் தமிழில் என்ன பெயர்?

மனையியல் ஆசிரியை எழுதியது:

குழுமத்தாருக்கு வணக்கம். மகளிர் சுய உதவிக் குழுக்களுக்கான பயிற்சிக் கையேடு ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போயாக வேண்டும். பழனி பக்கத்து ஆயக்குடிக் கொய்யாவை வைத்து, வெல்லத்தில் ஜாம் கிண்டுகிற பாடம். மூலத்தில் தலைப்பு 'ரிஃபைண்ட் சுகர் ஃப்ரீ ஜாம்'. 'சுத்திகரிக்கப்பட்ட சர்க்கரை சேர்க்காத ஜாம்' என்று எழுதி வகுப்பில் வாசித்தேன். "அப்போ அசுத்தமான சர்க்கரையைப் போடணுமா டீச்சர்?" என்று ஓர் அம்மா கேட்டுவிட்டார். ஜாம், ரிஃபைண்ட், அப்புறம் ஜாம் 'செட்' ஆவது, மூன்றுக்கும் சொல் தாருங்கள். பாட்டில் லேபிளில் அடங்குகிற நீளம் வேண்டும்.

நன்னூலான் எழுதியது:

அம்மையீர், ஜாமை முதலில் இறக்கி வையுங்கள். பழப்பாகு என்ற சொல் இருக்கிறது. ரிஃபைண்ட் என்பதற்குத் 'தீட்டிய' போதும். அரிசியைத் தீட்டுகிறோம், சர்க்கரையைத் தீட்டினால் என்ன? ஆக, 'தீட்டா அக்காரப் பழப்பாகு'. சர்க்கரை என்று நான் எழுதாததைக் கவனிக்க. மொழிமுதல் சகரம் அ, ஐ, ஔ என்ற மூன்று உயிரோடு வராது என்பது தொல்காப்பிய விதி. அந்தக் கணக்கில் சர்க்கரை வாசலிலேயே நின்றுவிடும். அக்காரத்துக்கு அந்தத் தொல்லை இல்லை. நூறு தடா (பெரிய பானை) நிறைய ஆண்டாள் நேர்ந்துகொண்டதும் அக்கார அடிசில்தான்.

சும்மா படிப்பவன் எழுதியது:

ஐயா, அதே விதிப்படி ச-வோடு ஆ வரலாம் அல்லவா? அப்படியானால் 'சாம்' தமிழ் இலக்கணத்துக்கு உட்பட்டது, சர்க்கரைதான் உட்படாதது. ஜாமை விட்டுவிடலாம் போலிருக்கிறதே. தவிர, சக்கரா என்ற பிராகிருதச் சொல்லில் முதலெழுத்து உதிர்ந்துதான் அக்காரம் ஆயிற்று என்று சொல்பவர்களும் உண்டு.

நெல்லைக்காரன் எழுதியது:

ஏன் இத்தனை சுற்று? எங்கள் ஊரில் காப்பிக்குப் போடும் வெள்ளைப் பொருள் சீனி. சர்க்கரை என்றால் பொங்கலுக்குப் போடுவது. 'சீனி இல்லா ஜாம்' என்று எழுதினால் ஒருவருக்கும் சந்தேகம் வராது.

சென்னையிலிருந்து ஒருவர் எழுதியது:

எனக்கு வரும். இங்கே சர்க்கரை என்றால்தான் வெள்ளை. மற்றது நாட்டுச் சர்க்கரை. எங்கள் பாட்டி மளிகைச் சிட்டையில் 'அஸ்கா' என்றுதான் எழுதுவார். அஸ்கா ஓர் ஊர்ப் பெயர் என்பது பிறகுதான் தெரிந்தது. ஒடிசாவில் கஞ்சம் மாவட்டம்; 1936 வரை மதராஸ் மாகாணத்தில் இருந்தது. அங்கிருந்த ஆலைச் சர்க்கரை இங்கே வந்து, ஊர்ப்பெயரே பொருளுக்கும் ஆனது. சீனாவின் பெயரைச் சுமக்கும் சீனியை ஏற்கலாம் என்றால், பக்கத்து மாநில அஸ்கா என்ன பாவம் செய்தது? சரி, இது லேபிளுக்கு உதவாது. 'ஆலைச் சர்க்கரை சேர்க்காதது' எனலாமா?

நன்னூலான் எழுதியது:

கூடாது. ஆலை என்பதே கரும்பை நெரித்து வெல்லம் காய்ச்சும் இடம். 'விசயம் அடூஉம் புகைசூழ் ஆலைதொறும்' என்பது பெரும்பாணாற்றுப்படை. விசயம் என்பது கருப்பஞ்சாற்றைக் காய்ச்சிய பாகு. 'ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை' என்கிற பழமொழியிலும் ஆலை அதுதான். ஆலைச் சர்க்கரை இல்லை என்று சொல்லிவிட்டு ஆலையில் காய்ச்சிய வெல்லத்தைப் போடுவது முரண்.

வடமராட்சி எழுதியது:

நெல்லை அண்ணர் சொல்வதே எங்கள் வழக்கும். யாழ்ப்பாணத்தில் சீனி வேறு, சர்க்கரை வேறு, பனங்கட்டி வேறு. ஆனால் எனக்கொரு ஐயம். சீனி போடாமல் பழத்தைப் பதப்படுத்துவது நமக்குப் புதிதா? பனம்பழத்தைப் பிசைந்து களி எடுத்து, ஓலைப்பாயில் பூசி, காயக் காய மேலே அடுத்த பூச்சு பூசி உரித்தெடுப்பதுதான் பனாட்டு. அதைத் துண்டு போட்டுப் பனம்பாணியில், அதாவது பதநீர் காய்ச்சிய பாகில், ஊறவிட்டால் பாணிப்பனாட்டு. களி என்ற சொல்லை எடுங்கள். 'கொய்யாக் களி'.

சும்மா படிப்பவன் எழுதியது:

தமிழ்நாட்டில் களி என்றால் கேழ்வரகுக் களி, திருவாதிரைக் களி, அப்புறம் சிறையில் தின்பது. பாட்டிலில் அடைத்தால் யார் வாங்குவார்கள்? அதைவிட, பழனிக்காரர்களிடமா ஜாம் பாடம்? அவர்கள் பஞ்சாமிர்தத்தைப் பாருங்கள்: விருப்பாச்சி மலை வாழைப்பழம், நாட்டுச் சர்க்கரை, தேன், நெய், பேரீச்சை, ஏலக்காய். தண்ணீர் ஒரு சொட்டு கிடையாது. 2019-இல் புவிசார் குறியீடும் வாங்கியாயிற்று. பஞ்சாமிர்தத்தை யாரும் பழப்பாகு என்று சொல்வதில்லையே.

கொய்யாத்தோப்பு எழுதியது:

பஞ்சாமிர்தத்தை அடுப்பில் ஏற்றிக் கிண்டுவதில்லை. ஜாமின் கதை வேறு, அதைப் புரிந்துகொண்டால் பெயரும் தானாக வரும் என்பது என் எண்ணம்.

பழத்தில் உள்ள பெக்டின் என்ற நார்ப்பொருள் வலை பின்னினால்தான் ஜாம் நிற்கும். சாதாரணப் பெக்டினுக்கு இரண்டு துணை வேண்டும்: தண்ணீரைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ள நிறைய இனிப்பு, இழைகள் ஒன்றையொன்று விலக்காமல் ஒட்டுவதற்குப் புளிப்பு. இங்கேதான் வெல்லம் கொஞ்சம் படுத்தும். கருப்பஞ்சாற்றைத் தெளியவைக்கச் சுண்ணாம்பு சேர்ப்பது வழக்கம், பதநீர்ப் பானையிலும் சுண்ணாம்பு தடவுவார்கள். அதனால் வெல்லமோ கருப்பட்டியோ போட்டால் புளிப்பு மட்டுப்படும். ஒரு கிலோ கொய்யாக் கூழுக்கு 700 கிராம் வெல்லம் என்றால் எலுமிச்சம்பழம் இரண்டாவது பிழியுங்கள். வெல்லத்தைத் தனியாகக் கரைத்து, மண் வடிகட்டி, பிறகு கூழில் ஊற்றுங்கள். கொய்யாவும் கனிந்து குழைந்ததாக இருக்கக் கூடாது; அதில் பெக்டின் சிதைந்திருக்கும். கொஞ்சம் செங்காயும் கலந்திருக்கட்டும்.

'செட்' ஆவதை அடுப்படியில் எப்படிப் பார்ப்போம்? முதலில் நுரைத்துப் பொங்கும். பிறகு குமிழ்கள் பெரிதாகி, 'புளக் புளக்' என்று கையில் தெறிக்கும். கரண்டியைச் சாய்த்தால் ஆரம்பத்தில் சொட்டுச் சொட்டாக ஒழுகியது, இப்போது விளிம்பில் இரண்டு சொட்டும் சேர்ந்து தகடாக விழும். குளிர்ந்த தட்டில் ஒரு சொட்டு விட்டு விரலால் தள்ளினால் மேலே சுருக்கம் விழ வேண்டும். வெப்பமானி இருந்தால் 105 டிகிரி செல்சியஸ் அளவில் இறக்கலாம். இதற்கு 'தகட்டுப் பதம்' என்று பெயர் வைத்தால் என்ன? கம்பிப் பதம், உருட்டுப் பதம் என்று சொல்கிற பெண்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

நன்னூலான் எழுதியது:

தகட்டுப் பதம் நன்று. ஆனால் அது இறக்கும் நேரம். ஆறிய பின் நிற்பதற்கு வேறு சொல் வேண்டும். உறைதல் என்றால் பனிக்கட்டியும் தயிரும் நினைவுக்கு வரும். திரளுதல் வெண்ணெய்க்கு உரியது. 'இறுகுதல்' எனலாம்.

சித்த மருந்துக்கடை எழுதியது:

எங்கள் மருந்துச் செய்முறையில் மணப்பாகு உண்டு, இளகம் (லேகியம்) உண்டு, தேனூறல் உண்டு. மாதுளை மணப்பாகு ஊற்றினால் ஓடும், பாகென்றால் ஓடத்தானே வேண்டும்? ஜாம் ரொட்டியில் நிற்பது. இளகமும் பொருந்தாது, இறுக வேண்டியதற்கு இளகம் என்று பெயர் வைக்க முடியுமா?

அதைவிட முக்கியமான ஒன்று. எந்தச் சொல்லை வைத்தாலும் 'சர்க்கரை இல்லா' என்று மட்டும் போட்டுவிடாதீர்கள். நம் மக்கள் நீரிழிவையே சர்க்கரை என்றுதான் சொல்கிறார்கள். "எனக்குச் சர்க்கரை இருக்கு" என்று வருகிறவர் அந்த லேபிளைப் பார்த்தால், தனக்கென்றே செய்தது என்று வீட்டுக்கு எடுத்துப் போவார். வெல்லத்திலும் கருப்பட்டியிலும் பெரும்பங்கு வெள்ளைச் சர்க்கரையில் உள்ள அதே சுக்ரோஸ்தான். 'சீனி இல்லா' என்பதும் அரை உண்மை. எது இல்லை என்பதை விட்டுவிட்டு, எது இருக்கிறது என்பதை எழுதுங்கள்: 'வெல்லக் கொய்யா ஜாம்'.

நெல்லைக்காரன் எழுதியது:

மருத்துவர் சொல்வது நியாயம். சீனியை நான் வாபஸ் வாங்குகிறேன். கருப்பட்டியில் செய்தால் 'கருப்பட்டி ஜாம்' என்று தனியாகப் போடுங்கள். இரண்டையும் ஒன்றாக்கினால் எங்கள் பக்கம் சண்டை வரும்.

கொய்யாத்தோப்பு எழுதியது:

விற்பனை என்றால் சட்டமும் இருக்கிறது. உணவுப் பாதுகாப்பு விதிப்படி ஜாமில் பழம் 45 விழுக்காட்டுக்குக் குறையக் கூடாது (ஸ்ட்ராபெரி போன்றவற்றுக்கு மட்டும் சலுகை), கரைந்த திடப்பொருள் (பெரும்பாலும் இனிப்பு) 65 விழுக்காடாவது வேண்டும். உடம்புக்கு நல்லது என்று வெல்லத்தைப் பாதியாகக் குறைத்தால் அது இறுகவும் இறுகாது, வெளியில் வைத்தால் பூஞ்சையும் பிடிக்கும். குறைத்துச் செய்வதை வீட்டுக்கு மட்டும் என்று எழுதி, குளிர்ப்பெட்டியில் வைக்கச் சொல்லுங்கள். சுண்ணாம்புச் சத்தை வைத்தே இறுகும் இன்னொரு வகைப் பெக்டின் கடைகளில் கிடைக்கிறது. அதற்கு இனிப்பு அவ்வளவாகத் தேவையில்லை. அந்தப் பாடம் வரும்போது பெயர்ச் சண்டையை மறுபடி தொடங்கலாம்.

மனையியல் ஆசிரியை எழுதியது:

அனைவருக்கும் நன்றி. தலைப்பு 'வெல்லக் கொய்யா ஜாம்'. உள்ளே 'வெள்ளைச் சர்க்கரை சேர்ப்பதில்லை' என்று ஒரு வரி, அதன் கீழேயே நீரிழிவு எச்சரிக்கை. 'தகட்டுப் பதம்', 'இறுகுதல்' இரண்டையும் எடுத்துக்கொண்டேன். தகட்டுப் பதத்தை வகுப்பில் சொல்லிப் பார்த்தேன், யாரும் பொருள் கேட்கவில்லை. பெக்டின் பெக்டினாகவே போகிறது. நன்னூலான் ஐயா மன்னிக்க வேண்டும், ஜாமும் ஜாமாகவே போகிறது.

நன்னூலான் எழுதியது:

பெரும்பான்மைக்குத் தலைவணங்குகிறேன்; உடன்படவில்லை. பாகு ஓடும் என்று மருத்துவர் சொன்னார். அதிரசத்துக்கு எடுக்கும் பாகைத் தண்ணீரில் விட்டு உருட்டினால் உருண்டையாக நிற்கிறதே, அது எங்கே ஓடுகிறது? பெக்டினையும் இப்படி விட்டுவிட முடியாது. உறைதல் என்ற பொருளுள்ள கிரேக்கச் சொல்லிலிருந்து ஐரோப்பியர் அதை ஆக்கிக்கொண்டார்கள். நாம் இறுகுதலிலிருந்து 'இறுகி' என்று ஆக்கக் கூடாதா? இரண்டாம் பதிப்பு வரும்போது இந்த மடலை எடுத்துப் பார்க்கவும்.

சும்மா படிப்பவன் எழுதியது:

'இறுகி' வினையெச்சமாகவும் வரும் ஐயா. 'இறுகி இறுகி இறுகியது' என்று கையேட்டில் வந்தால் டீச்சரைத்தான் கேட்பார்கள்.