டொம்பாப் பறவை ஒன்று பறக்காமல் உட்கார்ந்திருக்கிறது, உதவுங்கள்

வணக்கம். நாங்கள் வட நோர்வேயில், ட்ரொம்சோவில் இருக்கிறோம். நவம்பர் கடைசியிலிருந்து ஜனவரி நடு வரை சூரியனே எழாத ஊர். பால்கனியில் சூரியகாந்தி விதை வைத்துப் பறவை பார்ப்பதுதான் குளிர்காலத்தில் எனக்குத் துணை.

நேற்றிலிருந்து ஒரு டொம்பாப் (ஆங்கிலத்தில் புல்ஃபிஞ்ச் என்கிற சின்னப் பறவை), சிவந்த நெஞ்சுள்ள ஆண், இறகை உப்பிக்கொண்டு பந்துபோல உட்கார்ந்திருக்கிறது. கிட்டப் போனாலும் பறக்கவில்லை. கண் பாதி மூடியிருக்கிறது, அலகில் விதைத்தோல் ஒட்டியபடி. சால்மொனெல்லா என்கிற பாக்டீரியா நோயோ என்று பயமாக இருக்கிறது. எச்சம் பட்ட தீனி வழியாக அது மற்றப் பறவைகளுக்கும் பரவும், பூனைகளுக்கும் வரும்.

சரி என்று தட்டை எடுத்துக் கழுவிவிட்டேன், கீழே சிந்தியதையும் அள்ளிவிட்டேன். ஆனால் வெளியே மைனஸ் 12. வழக்கமாக வரும் சின்னப் பறவைகள் வெறும் கம்பியைச் சுற்றிவிட்டுப் போகின்றன, மனம் கேட்கவில்லை. எத்தனை நாள் தீனியை நிறுத்த வேண்டும்? அப்புறம், தட்டுக்குப் பதில் குழாய் மாதிரித் தீனிப்பெட்டி வைத்தால் எச்சம் கலக்காதா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.