எல்லாப் பள்ளிகளையும் மாநிலமே நடத்தினால் சொத்து வரி குறையுமா?

கடலைமிட்டாய்:
நியூ ஜெர்சியில் இருக்கிறேன். சொத்து வரி பில் வந்திருக்கிறது, பாதிக்கு மேல் பள்ளிக்கே போகிறது. சரி, பிள்ளை படிக்கிற இடம், கொடுக்கலாம். ஆனால் எங்கள் தெரு முடிகிற இடத்தில் அடுத்த டவுன் ஆரம்பம், அங்கே வேறு ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட் (ஊர்ப் பள்ளிகளை நடத்துகிற அமைப்பு), அதற்கு வேறு தலைமை அதிகாரி, அதாவது சூப்பரின்டென்டென்ட், வேறு பஸ் கான்ட்ராக்ட். மாநிலத்தில் இப்படி ஏறக்குறைய 600 இருக்கிறதாம். ஹவாயில் மொத்தத்துக்கும் ஒன்றுதான். இங்கேயும் அப்படிச் செய்தால் என்ன?

தேங்காய்ப்பூ:
ஹொனலுலுவில் சில வருடம் இருந்தேன். அங்கே பள்ளிக்கூடம் சொத்து வரியில் ஓடுவதில்லை, மாநிலப் பொது நிதியில் ஓடுகிறது. அதனால் பணக்கார ஏரியா, ஏழை ஏரியா என்ற பேதம் இங்கே அளவுக்குக் கிடையாது. 2004-ல் வந்த சட்டப்படி ஏழைப் பிள்ளைகளுக்கும் ஆங்கிலம் புதிதாகக் கற்கிறவர்களுக்கும் தலைக்குக் கூடுதல் பணம். அது நல்ல விஷயம்தான். ஆனால் மாநிலத்துக்குக் காசு இல்லையென்றால் எல்லாப் பள்ளிக்கும் சேர்ந்து அடி. 2009-10-ல் 17 வெள்ளிக்கிழமை மாநிலம் முழுக்கப் பள்ளி கிடையாது. பெற்றோர் சிலர் கவர்னர் ஆபீசுக்கே போய் உட்கார்ந்துவிட்டார்கள். அப்புறம், 2011-லிருந்து கல்வி போர்டை நியமிப்பதும் கவர்னர்தான். நீங்கள் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் உங்கள் ஊர் போர்டு மீட்டிங்குக்கு நடந்துபோய் மைக்கைப் பிடித்து பஸ் ஏன் லேட் என்று கேட்கலாம். ஹவாயில் வேறு தீவில், ஹிலோவில் இருக்கிறவர் ஹொனலுலு மீட்டிங்கில் நேரில் பேச வேண்டுமென்றால் விமானம் ஏற வேண்டும்.

பழைய_நுவர்க்காரன்:
நியூ ஜெர்சி இதைக் கொஞ்சம் செய்து பார்த்ததுதான். நாட்டிலேயே முதன்முதலில் ஒரு டிஸ்ட்ரிக்டை மாநிலம் கையில் எடுத்தது இங்கேதான், 1989-ல், ஜெர்சி சிட்டி. நுவர்க்கை 1995-ல் எடுத்து, திருப்பிக் கொடுக்க 2018 ஆயிற்று. அதில் பெரும்பாலான வருடங்கள் ஊர் போர்டு ஆலோசனை சொல்லலாம், அவ்வளவுதான். முதல் வகுப்பில் சேர்ந்த பிள்ளை காலேஜே முடித்திருக்கும்.

சுண்டல்:
செலவு சூப்பரின்டென்டென்டிடம் இல்லை நண்பரே, ஆசிரியர் சம்பளத்திலும் இன்ஷூரன்சிலும் இருக்கிறது. இரண்டு டிஸ்ட்ரிக்டைச் சேர்த்தால் குறைந்த சம்பளக்காரர் கூடின சம்பளத்தைத்தான் கேட்பார், எதிர்ப்பக்கம் யாரும் இறங்கி வரமாட்டார்கள். மாநிலம் வரைக்கும் போக வேண்டாம், வெஸ்ட் விண்ட்சரும் பிளெயின்ஸ்பரோவும் போல இரண்டு டவுன் சேர்ந்து ஒன்றாக நடத்தலாம். அதற்கும் எந்த டவுன் எவ்வளவு போடுவது என்று வாய்க்கால் தகராறு வரும். ஒன்று கேட்கிறேன், கோபப்படாதீர்கள்: வீடு வாங்கும்போது நீங்கள் முதலில் பார்த்தது ஸ்கூல் ரேட்டிங்தானே?

கடலைமிட்டாய்:
ஆமாம். தெருவுக்கு அந்தப் பக்கம் இதைவிடப் பெரிய வீடு, விலையும் குறைவு, கொல்லையில் பீச் மரம் வேறு. அந்த ஸ்கூல் வேண்டாம் என்று சொன்னது நான்தான்.