மறு: லோக்கல் அனஸ்தெட்டிக் – வெள்ளிக்குள் ஒரு சொல் வேண்டும்

> செவிலியர் கையேட்டில் புரோக்கைனமைடு (இதயத் துடிப்புக் கோளாறுக்கான மருந்து) பகுதி. இந்த லோக்கல் அனஸ்தெட்டிக் பெரிகார்டைட்டிசை உண்டாக்கும் என்று ஒரு வாக்கியம். 'உள்ளூர் மயக்க மருந்து' என்று யாரோ மொழிபெயர்த்து வைத்திருக்கிறார்கள். பெரிகார்டைட்டிசுக்கும் (இதயத்தைச் சுற்றியுள்ள உறையின் அழற்சி) சொல் இல்லை.

உள்ளூர் மயக்க மருந்தா! வெளியூர்க்காரருக்கு வேலை செய்யாதோ? அங்கே மயக்கமே கிடையாது ஐயா. நரம்பின் சோடியம் வாயில்களை அடைக்கிறது, ஆள் விழித்துக்கொண்டுதான் இருக்கிறார். பல் பிடுங்கப் போனவரைக் கேளுங்கள், மரத்துப்போற ஊசி என்பார். 'மரப்பு மருந்து' போதும். (திமிர்த்தல் என்றாலும் மரத்துப்போவதுதான், ஆனால் திமிர் மருந்து என்று யார் எழுதுவது!)

*

> மரப்பு மருந்து போதும்

மரபு என்று படிப்பார்கள். அதே பக்கத்தில், புரோக்கைனமைடை உடல் மெதுவாக அசிட்டைலேற்றும் (வேதிமாற்றம் செய்யும்) மரபுள்ளவர்களுக்கு லூப்பஸ் (உடலின் எதிர்ப்பாற்றல் உடலையே தாக்கும் நோய்) சீக்கிரம் வரும் என்று வேறு இருக்கிறது. எங்கள் யாழ்ப்பாணத்தில் விறைப்பு ஊசி என்போம், அதையே வைக்கலாமே.

*

விறைப்பு என்றால் இங்கே பின்பெஞ்சு சிரிக்கும், வேண்டாம். அடுத்தது, இதயம் வடசொல். பெரிகார்டைட்டிஸ் = நெஞ்சுறை அழற்சி.

*

வடவெழுத்தை நீக்கி எடுத்துக்கொள் என்று தொல்காப்பியமே இடம் கொடுத்த பிறகு நமக்கென்ன? அதோடு நெஞ்சு என்றால் மார்பும்தான். இந்த மருந்தால் வரும் லூப்பஸில் நுரையீரல் உறையும் அழலும், இதய உறையும் அழலும், இரண்டும் நெஞ்சுக்குள்தானே? செவிலியர் எதைக் குறித்துக்கொள்வார்?

இன்னொன்று, கையேட்டு வாக்கியமே தவறு. மரப்பு மருந்து புரோக்கைன், 1905 முதல் புழக்கத்தில் உள்ளது. அது தாறுமாறான இதயத் துடிப்பையும் அடக்கும், ஆனால் இரத்தத்திலுள்ள நொதிகள் சில நிமிடங்களில் உடைத்துவிடும். அதன் மூலக்கூறிலுள்ள எஸ்டர் பிணைப்பை அமைடு பிணைப்பாக மாற்றியதும் நீடித்து நின்றது, அதுதான் புரோக்கைனமைடு. அதை மாதக்கணக்கில் எடுத்தவர்களில் பலருக்கு உயிரணுவின் உட்கருவை எதிர்க்கும் எதிர்ப்பொருள்கள் இரத்தத்தில் தோன்றும், சிலருக்கு மூட்டுவலி, உறை அழற்சி என்று லூப்பஸ் போலவே வரும், மருந்தை நிறுத்தினால் பெரும்பாலும் அடங்கும். ஆகவே பல் ஊசி போட்டால் இதய உறை வீங்கும் என்று மாணவர்களைப் பயமுறுத்தாதீர்கள்.

*

வாக்கியத்தைத் திருத்திவிட்டேன், நன்றி. மரப்பு மருந்து, இதயவுறை அழற்சி என்று அச்சுக்கு அனுப்புகிறேன். யாழ்ப்பாண வழக்கு அடிக்குறிப்பில் வரும்.

*

அடிக்குறிப்பிலா? சரி. நெஞ்சுறைக்காரரும் நானும் சேர்ந்து எதிர்ப்பைப் பதிவு செய்கிறோம். அப்புறம், இதயவுறையா இதய உறையா? உடம்படுமெய் போட்டால் தேடுபொறியில் சிக்காது.