தூங்கும்போது தொட்டால் கடிக்க வருகிறது: டிரெய்னரா, டாக்டரா?

வைகைக்கரை:
வணக்கம். மதுரையில் இருக்கிறோம். வீட்டில் இரண்டு வயது ராஜபாளையம் நாய், ஆண், பெயர் வீரன். முழு வெள்ளை, மூக்கு ரோஸ் கலர். கொஞ்ச மாதமாக, படுத்திருக்கும்போது யாராவது பக்கத்தில் போனாலோ தொட்டாலோ சடாரென்று எழுந்து உறுமிக் கடிக்க வருகிறான். நேற்று அப்பா விளக்குமாறோடு அவனைத் தாண்டிப் போகும்போது கணுக்காலில் பல் பட்டு ரத்தம் வந்துவிட்டது. அரை மணி நேரம் கழித்து அதே அப்பா மடியில் வந்து தலையை வைத்துப் படுக்கிறான், இதுதான் எங்களுக்குப் புரியவே இல்லை. ஒரு டிரெய்னரிடம் போனில் பேசினோம். நாயைப் பார்க்காமலே, "உங்களை அது லீடரா நினைக்கல, ஒரு மாசம் என்கிட்ட விடுங்க, கழுத்தை இறுக்குற சோக் செயின் போட்டுச் சரி பண்ணித் தரேன், நடுவுல யாரும் வந்து பாக்கக் கூடாது" என்றார். அம்மா முடியவே முடியாது என்கிறார். மாமாவோ தோட்டத்தில் கொண்டுபோய்க் கட்டிப்போடு என்கிறார். உண்மையில் யாரிடம்தான் போவது?

ஊசிமருந்து:
முதலில் அப்பாவைக் கவனியுங்கள். காயத்தைச் சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவ வேண்டும். ரத்தம் வந்திருப்பதால் இன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போங்கள், வீட்டு நாய்தானே, தடுப்பூசி போட்ட நாய்தானே என்று விட்டுவிடாதீர்கள். ரேபிஸுக்கு எத்தனை தடுப்பூசி, கூடவே சீரம் ஊசியும் வேண்டுமா என்பதை அங்கே சொல்வார்கள்.

அடுத்து வீரன். நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்குத் தோன்றிய முதல் கேள்வி, அவனுக்குக் காது கேட்கிறதா? ராஜபாளையத்தில் பிறவிச் செவிட்டுத்தன்மை இருப்பது வளர்ப்பவர்களுக்குத் தெரிந்த விஷயம்தான். வெள்ளைத் தோலோடு வருவது அது, உள்காதில் நிறமி செல்கள் இல்லாவிட்டால் குட்டியாக இருக்கும்போதே கேட்கும் திறன் போய்விடும். ஒரு காது மட்டும் போயிருந்தால் வீட்டில் யாருக்கும் தெரியாது, கூப்பிட்டால் வருமே! அவன் நன்றாகத் தூங்கும்போது பக்கத்து அறையிலிருந்து சாவிக்கொத்தைக் குலுக்கிப் பாருங்கள். காலால் தரையைத் தட்டக் கூடாது, அதிர்விலேயே எழுந்துவிடும். ஒருமுறை வலப்பக்கமாகப் படுத்திருக்கும்போது, இன்னொருமுறை இடப்பக்கமாகப் படுத்திருக்கும்போது செய்யுங்கள். கேட்கும் காது தரையில் அமுங்கியிருந்தால் சத்தமே போகாது.

காரணம் காது இல்லையென்றால் வலியாக இருக்கலாம். இடுப்பு, முதுகு, பல், காதுப்புண் எல்லாவற்றையும் டாக்டர் பார்க்கட்டும். அதுவரை டிரெய்னர் பேச்சே வேண்டாம்.

கருப்பன்_காவல்:
எங்கள் தாத்தா காலத்தில் டாக்டர் பார்த்தா நாய் வளர்த்தார்கள்? காவலுக்கு இருக்கிற நாட்டு நாய் உறுமத்தான் செய்யும். உங்கள் மாமா சொல்வது சரி, தோட்டத்தில் கட்டுங்கள்.

நாலுகால்_நண்பி:
கருப்பன் அண்ணா, கட்டிப்போட்ட நாய்க்கு விலகிப் போக வழியில்லை, அதனால் இன்னும் சீக்கிரம் கடிக்கும். தோட்டத்தில் வேலை செய்பவர்களைக் கடித்தால் மாமா பதில் சொல்வாரா?

வைகைக்கரை, அந்த லீடர் கதையைக் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். முன்பின் தெரியாத ஓநாய்களை ஒரே அடைப்பில் விட்டுப் பார்த்து 1940களில் எழுதியதிலிருந்து வந்தது அது. காட்டில் ஓநாய்க் கூட்டம் என்பது பெரும்பாலும் அப்பா, அம்மா, பிள்ளைகள், அவ்வளவுதான். அந்தக் கருத்தைப் பிரபலமாக்கியவர்களில் ஒருவரான ஓநாய் ஆய்வாளர் டேவிட் மீச் (Mech) பிறகு அதைத் திருத்திக்கொண்டார்.

நம் நாட்டில் நாய் டிரெய்னர் ஆக லைசென்ஸ் எதுவும் தேவையில்லை, விசிட்டிங் கார்டு அடித்தால் போதும். அதனால் கேள்வி கேட்டுத்தான் ஆளைப் பிடிக்க வேண்டும். நாய் சரியாகச் செய்தால் என்ன தருவீர்கள், தப்பாகச் செய்தால் என்ன செய்வீர்கள் என்று கேளுங்கள். இரண்டாவதற்கு அவர் சொல்லும் பதிலிலேயே பாதி தெரிந்துவிடும். சுண்டி இழுப்பேன், தரையில் அமுக்குவேன் என்றால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள். உறுமலை அடித்து நிறுத்தினால் எரிச்சல் உள்ளேயே இருக்கும், அடுத்த தடவை உறுமாமலே கடிக்கும். அப்புறம், பிரச்சினை உங்கள் வீட்டு நடைபாதையில் இருக்கும்போது அவர் இடத்தில் ஒரு மாதம் வைத்து என்ன பழக்குவார்? வீட்டுக்கு வந்து, நாயோடு சேர்த்து உங்களுக்கும் சொல்லித் தருபவரே வேண்டும். யாரும் வந்து பார்க்கக் கூடாது என்பவரிடம் என் பூனையைக்கூட விடமாட்டேன்.

லேப்_அப்பா:
எங்கள் லேப்ரடாருக்கும் இதே கதைதான், அவனுக்கு இடுப்பு வலி. வலிக்கு மருந்து கொடுத்தும் பயம் போகவில்லை, அதனால் நடத்தைப் பிரச்சினை பார்க்கும் டாக்டரிடம் வீடியோ காலில் பேசி ஃப்ளூயாக்ஸெடின் என்ற பதற்றம் குறைக்கும் மாத்திரை ஆரம்பித்தோம். மயக்கிப் படுக்க வைக்கும் மாத்திரை இல்லை அது, பலன் தெரியவே நாலு முதல் ஆறு வாரம் ஆகும், கூடவே பயிற்சியும் வேண்டும். நீங்களாக வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். அவன் உறுமுவதைத் தூரத்திலிருந்து வீடியோ எடுத்து வையுங்கள், க்ளினிக்கில் நாய் வேறு ஆளாக இருக்கும். அதற்காகச் சீண்டிவிட்டு எடுக்க வேண்டாம்.

வைகைக்கரை:
எல்லோருக்கும் நன்றி. அப்பாவுக்கு ஊசி போட்டாயிற்று. சாவி வைத்துப் பார்த்தோம். இடப்பக்கமாகப் படுத்திருந்தபோது முதல் குலுக்கலிலேயே தலையைத் தூக்கினான். வலப்பக்கமாகப் படுத்திருந்தபோது தங்கை விசில் அடித்தும் காதுகூட ஆடவில்லை, வயிறு மட்டும் ஏறி இறங்குகிறது. அம்மா அழுதுவிட்டார். யோசித்துப் பார்த்தால், வீடு மாறியதிலிருந்துதான் அவன் மாடிப்படிக்குக் கீழே, எல்லோரும் நடக்கிற வழியில் படுக்கிறான். இதை டாக்டரிடம் உறுதி செய்ய முடியுமா?

ஊசிமருந்து:
அப்படியென்றால் இடது காதில்தான் சந்தேகம். உறுதி செய்ய பேயர் டெஸ்ட் என்று ஒன்று உண்டு, தலையில் மெல்லிய ஊசிமுனைகளை வைத்து ஒவ்வொரு காதுக்கும் க்ளிக் சத்தம் கொடுத்து மூளைக்குப் போகிறதா என்று பார்ப்பார்கள். எல்லா இடத்திலும் கிடைக்காது. தேனி அல்லது திருநெல்வேலி கால்நடை மருத்துவக் கல்லூரியில் முதலில் காட்டி, எங்கே செய்யலாம் என்று கேளுங்கள். காதில் அழுக்கோ புண்ணோ இருந்தால் அங்கேயே தெரிந்துவிடும். டெஸ்ட் வரைக்கும் காத்திருக்காமல் இன்றைக்கே படுக்கையை மூலைக்கு மாற்றுங்கள். தூங்குகிறவனைத் தொட்டு எழுப்ப வேண்டாம், தூரத்தில் நின்று தரையைத் தட்டுங்கள், அவன் உங்களைப் பார்த்ததும் ஒரு துண்டு சிக்கனைப் போடுங்கள். வீட்டுக்கு வரும் சின்னப் பிள்ளைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள்.

வைகைக்கரை:
சரிங்க. திங்கட்கிழமை தேனி போகிறோம். கூடை மாதிரி இருக்கும் வாய்மூடி வாங்கியாயிற்று, உள்ளே தயிர் தடவிக் காட்டினால் தானாகவே மூக்கை நுழைக்கிறான். வார் மட்டும் இன்னும் மாட்டவில்லை.