பழைய காசு, பழைய பூட்டு: சேர்க்கிறவர்களின் மனசுக்குள் என்ன ஓடுகிறது?

அரூரான்:
காவேரிப்பட்டணத்தில் என் சித்தப்பா வீட்டில் ஒரு அறை முழுக்கப் பழைய பூட்டு, காசு, தீப்பெட்டிப் படம். சித்தி பழைய இரும்புக்காரரை வரச்சொல்லிவிட்டார், வீட்டில் பெரிய ரகளை. நான் சித்தி பக்கம். மனசில் எங்கேயோ ஒரு குறை இருக்கிறது, அதை நிரப்பத்தான் மனுஷன் எதையாவது சேர்த்துக்கொண்டே இருக்கிறான். ஃப்ராய்டையே பாருங்கள். 1896-ல் அப்பா இறந்த பிறகுதான் பழம்பொருள் பைத்தியம் பிடித்தது. 2,000-க்கும் மேலே சேர்த்துவிட்டார். ஊரார் மனசையெல்லாம் ஆராய்ந்தவருக்கே அந்தக் கதி. இல்லை என்கிறவர்கள் பேசுங்கள்.

பாரூர் ஏரி:
அப்பா இறந்தவர்கள் எல்லோரும் சிலை வாங்கப் போகவில்லையே தம்பி. ஒரு ஆளைக் காட்டி உலகத்துக்கே வைத்தியம் பார்க்காதீர்கள்.

நான் திப்பு காலத்துச் செப்புக்காசு சேர்க்கிறேன். 1792 வரை நம்ம பாராமகால், அதாவது தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம், மைசூர்க்காரர்கள் கையில்தானே இருந்தது. அந்தக் காசில் ஒரு பக்கம் யானை. அது வலப்பக்கம் பார்க்கிறதா, இடப்பக்கமா? வால் எப்படி இருக்கிறது? பின்பக்கம் காசு அடித்த எந்த அக்கசாலையின் பெயர்? பிற்காலத்துக் காசில் ஆண்டு எண்ணை வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும், தெரியாதவன் குழம்பிப்போவான். இதையெல்லாம் ஒருத்தன் ராத்திரி உட்கார்ந்து லென்ஸ் வைத்துப் பார்ப்பது சோகத்தினால் என்றால் எனக்குச் சிரிப்புத்தான் வருகிறது. காசு கைக்கு வந்த அன்றைக்கு இருக்கும் குஷியைவிட, ஒருவர் போனில் "ஒன்று இருக்கிறது, வந்து பாருங்கள்" என்று சொன்னதிலிருந்து போய்ச் சேரும்வரை இருக்கும் படபடப்புதான் பெரிசு. மூளை ஆய்வாளர் வுல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் குரங்குகளிடம் கண்டதும் இதுதான். பழக்கப்பட்ட பிறகு, பழச்சாறு வாயில் விழும்போது, டோபமின் என்ற ரசாயனத்தைச் சுரக்கும் மூளைச் செல்கள் துள்ளவில்லை. சாறு வரப்போகிறது என்று விளக்கு காட்டியதுமே துள்ளின.

அரூரான்:
அண்ணா, சீட்டாடுகிறவனும் இதையேதான் சொல்வான்!

தேன்கனிக்கோட்டை டீச்சர்:
இருவரும் இரண்டு வேறு விஷயங்களைப் பேசுகிறீர்கள். எதையும் தூக்கிப்போட முடியாமல் வீட்டை அடைத்துக்கொள்வது ஒரு தனி மனநோய் என்று அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013-ல் தன் கையேட்டில் சேர்த்தது. பொருளுக்கு மதிப்பு உண்டா இல்லையா என்பது அங்கே கணக்கே இல்லை. பிரிய நினைத்தாலே தவிப்பு, சமையலறையில் சமைக்க முடியாது, கட்டிலில் படுக்க முடியாது என்கிற நிலை. வகை பிரித்து, ஒழுங்காக அடுக்கி வைக்கிறவரை அந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை.

அரூரான் தம்பி, உங்கள் ஊர்க்காரர் ஒருவர் 2022-ல் பத்து ரூபாய் நாணயமாகவே 6 லட்சம் கொடுத்து சேலத்தில் கார் எடுத்தாரே, நினைவிருக்கிறதா? கடைகளில் அந்த நாணயத்தை வாங்க மறுக்கிறார்கள் என்ற கோபத்தில் செய்தது. அவ்வளவு நாணயம் சேர்த்தும் அவர் சேகரிப்பாளர் இல்லை, ஏனென்றால் ஒரு நாணயத்துக்கும் இன்னொன்றுக்கும் அவருக்கு வித்தியாசமே இல்லை. நான் பார்ப்பது ஒன்றுதான்: "இது என் வரிசையில் வராது, வேண்டாம்" என்று ஒரு பொருளைத் திருப்பி அனுப்ப முடிகிறதா? முடிந்தால் நோய் இல்லை.

அரூரான்:
சித்தப்பா திருப்பி அனுப்புவார் டீச்சர். பூட்டை அல்ல, மகளுக்கு ஃபீஸ் கட்டச் சொல்லும் சித்தியை.

ராயக்கோட்டை ரோடு கடைக்காரர்:
மனசு, குறை எல்லாம் எதுக்குங்க? பாதிப் பேருக்கு விலை ஏறும் என்கிற ஆசை. வைஷ்ணோதேவி படம் போட்ட அஞ்சு ரூபாய் லட்சத்துக்குப் போகும் என்று யூடியூபில் பார்த்துவிட்டு வாரம் ஒருத்தர் கடைக்கு வருகிறார். ரிசர்வ் வங்கி பெயரைச் சொல்லிப் பழைய காசு வாங்குவதாக ஏமாற்றுகிறார்கள், அவர்களிடம் கட்டணம் எதுவும் கட்டாதீர்கள் என்று அந்த வங்கியே 2021-ல் எச்சரித்தது. கேட்டால்தானே?

வந்தவரிடம் இருநூறு தருகிறேன் என்றால் முகம் சுண்டிப்போகும். அதே காசை நான் விற்றால் நூறுக்கு மேல் தரமாட்டார். கானெமன், தேலர், நெட்ச் என்ற மூன்று ஆய்வாளர்கள் 1990-ல் காபிக் கோப்பை வைத்து இதைத்தான் காட்டினார்கள். கோப்பை கைக்கு வந்து கொஞ்ச நேரம்கூட ஆகவில்லை, அதற்குள் அது கிடைத்தவர்கள், வாங்குகிறவர் தரத் தயாரான விலையைப்போல இரண்டு மடங்குக்கு மேல் கேட்டார்கள்.

பாரூர் ஏரி:
அது வைத்திருப்பதை ஏன் விடமாட்டேன் என்கிறோம் என்பதற்குப் பதில். அடுத்ததைத் தேடி ஏன் வெயிலில் அலைகிறோம் என்பதற்கு இதில் என்ன இருக்கிறது? நான் இதுவரை ஒரு காசும் விற்றதில்லை.

பென்னாகரத்தான்:
விற்காதது பெருமை இல்லை அண்ணா. ஏர் ஓட்டும்போது கிடைத்த காசை யாராவது உங்களிடம் கொண்டுவந்து தந்தால் வாங்கிவிடுவீர்கள்தானே? மண்ணுக்குள் கிடைக்கும் புதையலின் மதிப்பு பத்து ரூபாய்க்கு மேல் போனாலே கலெக்டருக்குச் சொல்ல வேண்டும் என்று 1878-லிருந்து சட்டம் இருக்கிறது. தருமபுரி அருங்காட்சியகத்தில் நடுகற்களைப் போய்ப் பாருங்கள், யார் வேண்டுமானாலும் நின்று பார்க்கலாம். உங்கள் யானைக்காசை உங்களைத் தவிர யார் பார்க்கிறார்கள்? எனக்கு மட்டுமே இருக்க வேண்டும் என்கிற வீம்பைத்தான் நீங்கள் எல்லோரும் ரசனை என்கிறீர்கள்.

பாரூர் ஏரி:
வீட்டுக்கு வந்தால் காட்டுகிறேன், காபியும் உண்டு. நான் வாங்குவது பழைய வியாபாரிகளிடம்தான், நிலத்தில் கிடைத்ததைத் தொடமாட்டேன். வீம்பு கொஞ்சம் உண்டுதான், அது இல்லாமல் யார் ஐம்பது வகையைப் பிரித்துவைப்பார்? அரூரான் தம்பி, அந்தப் பூட்டுகளில் மாங்காய்ப் பூட்டு ஏதாவது இருக்கிறதா? சாவியோடு?

அரூரான்:
இருக்கிறது. சித்தப்பா தரமாட்டார். சித்தி இன்றைக்கே தருவார்.

தேன்கனிக்கோட்டை டீச்சர்:
சித்தப்பாவைக் கேட்காமல் வாங்கினால் உங்கள் இருவரிடமும் நான் பேசமாட்டேன்.