கடல் மட்டம் ஏறுவதும் இறங்குவதும்: பவானிசாகரை வைத்து நடத்தலாமுங்களா?

கேள்வி (கோபி)

வணக்கமுங்க. பிளஸ் ஒன் பிள்ளைகளுக்குக் கடல் மட்ட மாற்றமும் கரையோர நிலவடிவங்களும் நடத்தணும். பாதிப் பேர் கடலைப் படத்தில்தான் பார்த்திருக்காங்க. ரெண்டு இடத்துல முட்டுது. மிதக்கிற ஐஸ் உருகினா மட்டம் ஏறாதுன்னு டம்ளரில் காட்டினா, ஏறித் தொலையுது. அடுத்தது, உலகமெல்லாம் கடல் ஏறும்போது ஸ்வீடன் பக்கம் மட்டும் ஏன் பின்வாங்குதுன்னு கேட்கறாங்க. நம்ம பக்கத்துல கண்ணால் காட்டற மாதிரி ஏதாச்சும் இருக்குங்களா?

பதில் 1 (ஈரோடு)

ஐஸ் தரை தட்டியிருக்குமுங்க. தண்ணீர் குறைவாக ஊற்றி ஐஸை அள்ளிப் போட்டால் அடியில் உள்ள கட்டி டம்ளர் அடியில் உட்கார்ந்துவிடும். மேலே உள்ளவை அதன்மேல் ஏறிக்கொள்ளும். அப்போது அது மிதக்கிற ஐஸே இல்லை. 3 சென்டிமீட்டர் கட்டி என்றால் தண்ணீர் குறைந்தது 6 சென்டிமீட்டர் ஆழம் வேணும், கட்டிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறக்கூடாது. ஒடுக்கமான கண்ணாடி டம்ளரா எடுங்க. அகலப் பாத்திரத்தில் ஏற்றம் கண்ணுக்குத் தெரியாது.

பக்கத்து டம்ளரில் தண்ணீருக்கு மேலே தலை நீட்டுகிற கல்லை வைத்து, அதன்மேல் அதே அளவு ஐஸ் வைங்க. மார்க்கரில் கோடு போட்டுட்டு விடுங்க. கல்மேல் இருப்பது கிரீன்லாந்து, அண்டார்டிகா நிலத்துப் பனி. அது உருகினால் ஏறும்.

தண்ணீர் சூடாகி விரிவதையும் விட்டுடாதீங்க. கடல் ஏறுவதில் அதற்குப் பெரிய பங்கு இருக்கு. அரை லிட்டர் கண்ணாடி பாட்டிலில் சாயத் தண்ணீரை முட்ட நிரப்பி, கார்க்கில் 5 மில்லிமீட்டர் துளையுள்ள ஸ்ட்ராவைச் சொருகி, வெந்நீரில் நிறுத்துங்க. உள்ளே 25 டிகிரி 35 ஆனால் ஸ்ட்ராவில் ஏறக்குறைய 7 சென்டிமீட்டர் ஏறும். காற்றுக் குமிழ் மாட்டியிருந்தால் கணக்கு தப்பும். காற்று தண்ணீரைவிடப் பல மடங்கு விரியும். பிளாஸ்டிக் பாட்டில் வேண்டாம், உப்பி ஏற்றத்தை விழுங்கிடும்.

பதில் 2 (சத்தியமங்கலம்)

பவானிசாகர் நல்ல உதாரணமுங்க. அணை நிறைந்தால் தண்ணீர் பவானிப் பள்ளத்தாக்கிலும் மாயாற்றுப் பள்ளத்தாக்கிலும் நாக்கு நீட்டி உள்ளே போகும்; மேடெல்லாம் முனையாகவும் திட்டாகவும் நிற்கும். ஆறு வெட்டிய பள்ளத்தாக்கில் கடல் ஏறினால் கிடைக்கும் ரியா கரையின் வடிவம் அதுதான். ஃபியோர்டு வேறு. பனியாறு குடைந்த 'யு' வடிவப் பள்ளத்தில் கடல் புகுவது. அதற்கு நம்ம பக்கம் ஜோடி கிடையாது.

தண்ணீர் வற்றும்போது கூட்டிப் போங்க. சரிவில் படிப்படியாகக் கோடு தெரியும். தண்ணீர் ஓரிடத்தில் சில நாள் நின்றபோது சிற்றலை மண்ணைக் கடித்த அடையாளம் அது. கடலோரத்தில் உயர்ந்து நிற்கும் பழைய கரைகளும் இந்த மாதிரிதான். ஆனா இங்கே மண்ணில் வாரக்கணக்கில் நடப்பது, பாறையில் அலை அரித்த மேடையாக ஆயிரக்கணக்கான வருஷம் பிடிக்கும். இதைச் சொல்லாமல் விட்டால் பிள்ளைகள் தப்பாகப் புரிஞ்சுக்குவாங்க.

ஸ்வீடன் கேள்விக்கு: அங்கே தண்ணீர் இறங்கலைங்க, நிலம் எழும்புது. பனியுகத்தில் கிலோமீட்டர் கணக்கில் பனி அழுத்தி வைத்திருந்த நிலம், பாரம் போனதும் இன்னும் மேலே வந்துட்டே இருக்கு. போத்னியா வளைகுடாவின் வடபகுதியில் வருஷத்துக்குச் சுமார் 9 மில்லிமீட்டர். உலகக் கடல் ஏறுவது 3 மில்லிமீட்டருக்குச் சற்று மேல். கழித்துப் பார்த்தால் விடை வந்துடும். ஸ்வீடனின் ஹோகா குஸ்தென் கரையில் பழைய கடற்கரைத் தடம் 286 மீட்டர் உயரத்தில் நிற்குது.

கேள்வி கேட்டவர்

ரொம்ப நன்றிங்க. அப்போ காவிரிக் கழிமுகத்தில் கரை அரிப்பதும் கடல் ஏறுவதால்தானுங்களா?

பதில் 3 (கரூர்)

முழுசா அப்படிச் சொல்லிடாதீங்க. டெல்டா என்பது ஆறு கொண்டுவந்த வண்டலில் நிற்பது. வண்டல் தன் எடையிலேயே அமுங்கும். புது வண்டல் வந்து மேலே படிந்தால்தான் மட்டம் நிலைக்கும். காவிரிக்கு 1934இல் மேட்டூர், பவானிக்கு 1955இல் பவானிசாகர் வந்தபின் வண்டலில் பெரும்பங்கு அணைக்குள்ளேயே தங்கிடுது. நம்ம அணை அடியில் கிடக்கிற மண் அங்கே சேர வேண்டியது. அதனால் கடல் ஏறுவதோடு நிலம் தாழ்வதையும் சேர்த்துத்தான் கணக்குப் போடணும்.

மூணாவது காரணம் துறைமுகச் சுவர். நம்ம கிழக்குக் கரையில் மணல் மொத்தத்தில் தெற்கிலிருந்து வடக்கே நகரும். சென்னைத் துறைமுகச் சுவர் தடுத்ததால் தெற்கே மெரினா அகலமானது, வடக்கே ராயபுரம் அரிச்சது. அதற்கும் கடல் மட்டத்துக்கும் சம்பந்தமில்லை.

நிலம் அசைவதற்கு 2004 டிசம்பர் 26 நிலநடுக்கத்தையே காட்டுங்க. கிரேட் நிக்கோபாரின் இந்திரா முனை சுமார் 4.25 மீட்டர் தாழ்ந்து, கலங்கரை விளக்கின் அடி கடலுக்குள் போயிடுச்சு. அதே நிலநடுக்கத்தில் வட அந்தமானின் மேற்குக் கரை ஒரு மீட்டருக்கு மேல் எழுந்து, பவளப்பாறை வெளியே வந்து செத்தது. ரெண்டு படத்தையும் பக்கத்துல பக்கத்துல ஒட்டி, எங்கே கடல் ஏறிச்சு, எங்கே இறங்கிச்சுன்னு கேளுங்க. பிள்ளைகள் பதில் சொன்னபிறகு பாடத்தைத் திறங்க.