ஆராய்ச்சிக்காக மூளை ஸ்கேன் எடுத்துக்கொண்டவர்கள் இருக்கிறீர்களா?

மல்லேஸ்வரம் மாமி:
நோய் எதுவும் இல்லாமலே போய்ப் படுத்தவர்களைத்தான் கேட்கிறேன். பெங்களூரில் ஐஐஎஸ்சி (இந்திய அறிவியல் கழகம்) வளாகத்து மூளை ஆராய்ச்சி மையம் 45 வயது தாண்டியவர்களை வருஷக்கணக்காகத் தொடர்ந்து பார்க்கிறது. நகரத்தில் டாடா பெயரில் ஓர் ஆய்வு, கோலார் பக்கம் ஸ்ரீநிவாசபுராவில் 10,000 பேரை இலக்காக வைத்து இன்னொன்று, தெரிந்திருக்கும். என் மாமியார் கடைசிக் காலத்தில் என்னையே யாரென்று கேட்டவர், அதனால் சேர்ந்தேன். ரத்தம், ஞாபகப் பரீட்சை எல்லாம் சரி. எம்ஆர்ஐ அறை வாசலில் மெட்டியைக் கழற்றச் சொன்னார்கள், வரவே இல்லை. தாலிக்குப் பதில் வீட்டிலேயே மஞ்சள் கயிறு கட்டிக்கொண்டு போன எனக்கு மெட்டி நினைவில்லை, கல்யாணத்தில் போட்டது, விரல் பருத்துவிட்டது. அங்கிருந்த பெண், என் மகளைவிடச் சின்னவள், தரையில் உட்கார்ந்து என் காலை மடியில் வைத்து, சோப்புத் தண்ணீர் விட்டுத் திருகித் திருகிக் கழற்றினாள், "வலிக்குதா ஆன்ட்டி" என்று கேட்டுக்கொண்டே. மாமியார் காலை நான் அப்படிப் பிடித்ததில்லை. உள்ளே போனால் "எதையும் யோசிக்காமல் கூட்டல் குறியைப் பாருங்கள்" என்கிறார்கள். எப்படி?

கோவை ரிட்டயர்டு:
வெள்ளியையும் தங்கத்தையும் காந்தம் இழுக்காது, பள்ளிக்கூடப் பாடம். வீண் பயம். எனக்கு நடந்தது வேறு. வீட்டில் மாத்திரை போட்டாலும் தூக்கம் வராது, அந்தக் கடகட சத்தத்துக்குள் தூங்கிவிட்டேன். ஸ்பீக்கரில் "சார், கண்ணைத் திறங்க" என்றார்கள். தூங்கும் மூளை வேறு மாதிரி வேலை செய்யுமாம், மறுபடி முதலிலிருந்து.

பழைய டெக்னீஷியன்:
கோவை சார், தப்பு. இழுக்காது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வளையமாக இருக்கும் உலோகத்தில் ரேடியோ அலையால் மின்னோட்டம் ஏறிச் சுடலாம், போதாததற்கு மெட்டியில் வெள்ளியோடு என்ன கலந்திருக்கிறது என்பது ஆசாரிக்குத்தான் வெளிச்சம். ஆராய்ச்சிக்கு வைத்திருப்பது பெரும்பாலும் 3 டெஸ்லா (காந்தத்தின் பலத்தைச் சொல்லும் அளவு), ஸ்கேன் ஓடாதபோதும் அது காந்தம்தான். 2018 ஜனவரியில் மும்பையில் ஆக்சிஜன் சிலிண்டரோடு அறைக்குள் போன இளைஞர் இறந்தார். 2025 ஜூலையில் நியூயார்க் பக்கம், கழுத்தில் ஏறத்தாழ 9 கிலோ சங்கிலியோடு நுழைந்தவரும். போகிறவர்கள் கவனியுங்கள்: ஜாக்கெட்டில் குத்தின ஊக்கு, கொண்டை ஊசி, ஜரிகைப் புடவை, கண் மை, பல்செட், காது மெஷின், எல்லாம் வெளியே. பேஸ்மேக்கர், ஸ்டென்ட், எப்போதோ கண்ணில் பட்ட வெல்டிங் துகள், எதையும் மறைக்காதீர்கள். முன்பே பாத்ரூம் போய்விடுங்கள். பயமாக இருந்தால் கூப்பிடுவதற்கென்று கையில் கொடுக்கும் பந்தை அமுக்குங்கள், வெட்கம் வேண்டாம். இது ஆராய்ச்சிப் படம், ரிப்போர்ட் கேட்டுச் சண்டை போடாதீர்கள். என் அனுபவமா? ஒருமுறை நானும் படுத்தேன், ஒன்றும் நடக்கவில்லை.

ரெடிங் அக்கா:
தம்பி, சண்டை பிடிக்கவில்லை, ஆனால் கேட்காமல் எப்படி இருப்பது? இங்கே பிரிட்டனில் நடக்கும் பெரிய உடல்நல ஆய்வான யூகே பயோபேங்க்கில் 2006 முதல் 2010 வரை சேர்ந்த 5 லட்சம் பேரில் நானும் ஒருத்தி. பிறகு ஸ்கேனுக்குக் கூப்பிட்டார்கள், மூளை, இதயம், வயிறு, எலும்பு, நாலைந்து மணி நேர வேலை. எல்லாப் படத்தையும் டாக்டர் பார்ப்பதில்லை, எடுக்கிறவர்கள் கண்ணில் பாரதூரமாக ஏதும் பட்டால்தான் எங்களுக்கும் எங்கள் குடும்ப டாக்டருக்கும் (ஜிபி) கடிதம் வரும், அதற்குச் சம்மதித்துத்தான் கையெழுத்து வைத்தேன். மேசை வெளியே வர, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பார்க்கிறேன், ஸ்கேன் எடுத்த பெடியன் இன்னொருவரைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டி ஏதோ கதைக்கிறான். அந்த ஆள் குனிந்து வடிவாகப் பார்த்துவிட்டுத் தோளைக் குலுக்கினார். பெடியன் சிரித்துக்கொண்டு வந்து "நல்லா அசையாமல் கிடந்தீங்கள்" என்கிறான். கடிதம் வரவில்லை. வராதது நல்லது என்று மகன் சொல்கிறான், டாக்டர் பார்த்திருக்க மாட்டார் என்றும் அவன்தான் சொல்கிறான். இப்போது இரண்டாம் தடவைக்கு அழைப்பு வந்திருக்கிறது, முதல் படத்தோடு ஒப்பிடவாம். வயது போகப் போக மூளை சுருங்குவது எல்லாருக்கும் உள்ளது, என்ன வேகத்தில் என்பதுதான் அவர்களுக்கு வேண்டும். மாமி, உங்களைத் திரும்பக் கூப்பிட்டால் போவீர்களா?